எனக்கென்று வந்த சுறாப்புட்டு

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு மீன் வண்டியில் வருகிறது. பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் ஹாரன். சத்தம் கேட்டு வெளியே போனால், வண்டிக்காரர் பேசாமல் எடை போட்டு, பேசாமல் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். மீனில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வந்த மீனை நான் எவ்வளவு புளி கரைத்துக் கொதிக்கவைத்தாலும் குழம்பு பாதிதான் குழம்பாகிறது.

முன்பு வீராம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா வருவாள். சுனாமிக்கு முன்னும் பின்னுமான வருஷங்களைச் சொல்கிறேன். டெம்போவில் மீன் கூடையோடு வந்து மெயின் ரோட்டில் இறங்கி, சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு உழவர்கரையின் சந்துகளுக்குள் நுழைவாள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மளிகை மடித்து வரும் காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவேன். வாசல் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்ததால் தெருவில் யார் என்ன பேசினாலும் என் காதுக்குத் தப்பாது. அந்த அக்கா பேச ஆரம்பித்தால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன்.

ஒருத்தி மீனை எடுத்து எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். "பொண்ணு பாக்கவா வந்துக்கிற, இம்மாம் நேரம் பாக்குற," என்பாள் அக்கா. இன்னொருத்தி, தலை வேண்டாம், எடுத்துவிடு என்பாள். "வச்சுக்கோம்மா. ஒன் வூட்டுக்காரருக்குக் கொளம்பு வச்சுக் குடு. இருக்கற தலையோட இன்னொன்னு சேந்துக்கட்டும்." அந்த வீட்டுக்காரர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் கேட்கும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சுனாமி வந்து போன பிறகு ஊரே மீனை ஒதுக்கிவைத்தது. கடலோடு போனவர்களை மீன் தின்றிருக்கும் என்று பேச்சு. சொல்லிவைத்தாற்போல எல்லா வீட்டிலும் கத்தரிக்காய், முட்டை. அக்கா ஊரில் படகும் வலையும் போய், கொஞ்ச நாள் அவள் வரவே இல்லை. பிறகு ஒருநாள் கூடையில் கொஞ்சம் மீனோடு வந்தாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். எனக்குப் பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். படியில் கூடையை இறக்கியவள் மீனை எடுக்காமல், சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கதவை சாத்திக்கினாங்கன்னா ஒன்னும் தெரியலம்மா. தொறந்து வச்சுக்கினு தலையைத் திருப்பிக்கிறாங்க பாரு. அதுதான் தாங்கல," என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு விற்றாலும் விற்காவிட்டாலும் என் வாசலில் உட்காராமல் அவள் போனதில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்னால். அவர்கள் இருந்தது வாடகை வீடு. அம்மாவின் காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்து, கூடப் பிறந்த அக்காவும் நானும் சாவியைக் கொண்டுபோய் வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்தோம். அதன் பிறகு அவளும் புருஷனோடு வடக்கே எங்கேயோ போய்விட்டாள். ஆக, தாய் வீடு என்று போய் நிற்க எனக்கு ஒரு கதவு கிடையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூட அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நினைத்துக்கொள்வேன். சொன்னால் சிரிப்பீர்கள். சுறாப்புட்டு.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பார்கள். அதைத் தாய் வீட்டில் செய்ய வேண்டும். கூடப் பிறந்தவளின் முதல் பிரசவத்தின்போது நான் தாவணி போட்ட வயசு. அம்மா சுறாத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும் தோலைச் சுரண்டினாள். சதையை மஞ்சள் போட்டு வேகவைத்து, பிழிந்து, கையால் உதிர்த்தாள். பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் வதங்கும்போது அந்தத் தெருவிலேயே யாரும் வேறு எதையும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் தட்டோடு போய் உட்கார்ந்தேன். "இது புள்ள பெத்தவளுக்குடி. ஒன் மொறை வர்றப்போ ஒனக்கு," என்று சொல்லி அம்மா அதை அக்காவிடம் கொண்டுபோனாள். காலிச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து எனக்கு ஒரு உருண்டை கொடுத்தாள். அந்த உருண்டையின் ருசி இத்தனை வருஷம் போயும் நாக்கில் அப்படியே இருக்கிறது. முழுசாக ஒரு தட்டு, எனக்கென்றே, என் முறையில். அதற்குத்தான் காத்திருந்தேன். முறை வருவதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள்.

இதை ஒருநாள் மீன்கார அக்காவிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு கீற? கொழந்த பொறக்கட்டும். நான்தான் ஒனக்குத் தாய் வூடு. சுறாப்புட்டு என் வூட்டுலருந்து வரும்," என்றாள்.

அதுவரை என் வீட்டுக்காரரைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்று முதல் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவருக்கு லேத் பட்டறையில் வேலை. சாயங்காலம் கையெல்லாம் எண்ணெயும் இரும்புத் தூளுமாக வருவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வருவதைப் பார்த்துவிட்டால் அக்கா மாமியார் மாதிரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். அவரும் விடமாட்டார். "வாங்கத்தை, ஊர்ல எல்லாரும் சொகமா?" என்பார். "மாப்ளைக்குச் சீர் ஒன்னும் கொண்டாரல. நாலு நண்டு கீது, வச்சுக்கிறீங்களா?" என்பாள். விளையாட்டுதான். ஆனால் அவள் போன பிறகு நான் கொஞ்ச நேரம் மெஷினில் உட்கார்ந்து, தைக்காமல், அந்த 'மாப்ள'யைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருவழியாக எனக்கு நாள் தள்ளிப்போனது. கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் காட்டப் போனோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்த பெண்கள் வரிசையில் இருப்பார்கள். என்னைப் பார்த்த டாக்டரம்மா நிதானமானவர். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மீன் என்றதும், என்னென்ன மீன் என்றார். நான் பெருமையாக அடுக்கிக்கொண்டே போய்ச் சுறாவில் நிறுத்தினேன்.

"சுறா இப்ப வேணாம்மா. பால் குடுக்குற வரைக்கும் வேணாம்," என்றார்.

நான் சூடு, உடம்பில் கரப்பான் வரும் என்று ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"தெர்மாமீட்டர் உடைஞ்சா உருண்டு ஓடுமே, பாத்திருக்கியா? பாதரசம். நிலக்கரி எரிக்கிற புகை, ஆலைக் கழிவு, இதுலருந்தெல்லாம் அது கடலுக்குப் போகுது. மீன் உடம்புல கண்ணுக்குத் தெரியாமச் சேருது. வயித்துல இருக்குற குழந்தைக்கும் பால் குடிக்கிற குழந்தைக்கும் மூளை வளர்ற நேரம் இது. அதுக்கு ஆகாது."

"நல்லா மஞ்சள் போட்டுக் கழுவி, கொதிக்கவச்சுத்தாம்மா செய்வோம்."

"கழுவினாலும் போகாது, கொதிச்சாலும் போகாது. அது தோல்ல இல்ல, சதையில இருக்கு. அதுக்காக மீனையே விட்டுடாத. மீன் உனக்கு நல்லது. நெத்திலி, மத்தி, கிழங்கான் மாதிரி சின்ன மீனாப் பாத்துச் சாப்பிடு."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவ்வளவு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. உப்பைத் தொடாதே என்றாலும் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் வாந்தி வருகிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று பலநாள் சுற்றிவந்து, கடைசியில் சொன்னேன். சுனாமிப் பேச்சைக் கேட்ட காது அது. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தலையை ஆட்டி, ஆட்டி, கேட்டுக்கொண்டாள்.

"டாக்டரம்மா சொல்றது சரிதான்," என்றாள். "கரையோரம் பாரு, காவாத் தண்ணி, சாயத் தண்ணி, ஆலைத் தண்ணி, எல்லாம் வந்து வுழுவுது. அந்தப் பக்கம் புடிக்கிற மீனை நானே என் வூட்டுல ஆக்க மாட்டேன். அந்த அம்மா அதைத்தான் சொல்லிக்கிது. நான் ஒனக்குக் கரையோர மீனா கொண்டாறப் போறேன்? எங்க அண்ணன் மவன் ஆழக்கடல் போட்டுல போறான். கரையே கண்ணுக்குத் தெரியாத எடம். மனுசனே இல்லாத எடத்துல அழுக்கு எங்கருந்து வரும்? அங்கருந்து எடுத்தாறச் சொல்றேன். நல்ல பெருசா, நல்ல வெளைஞ்சதா."

எனக்கு அது எவ்வளவு சரியாகப் பட்டது தெரியுமா. அழுக்கு ஊரிலிருந்துதானே போகிறது, ஊரை விட்டுத் தள்ளிப் போகப்போகச் சுத்தம்தானே. கிணற்றுக்கும் குளத்துக்கும் நாம் பார்க்கும் கணக்கு அதுதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மிச்ச மாதங்களைக் கழித்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தபடி கரை தெரியாத கடலை நினைத்துக்கொள்வேன். பச்சையாக, கண்ணாடி மாதிரி, மனுஷக் கை படாத தண்ணீர். அதில் எனக்கென்று ஒரு சுறா வளர்ந்துகொண்டிருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்தோம். கிராமத்திலிருந்து மாமியார் வந்து கூட இருந்துவிட்டு, மாட்டை யார் பார்ப்பார்கள் என்று திரும்பிப் போனார். பால் சரியாக இறங்கவில்லை. குழந்தை சப்பும், விடும், அழும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, அதை விடாமல் வைத்துக்கொண்டே இரு, அது குடிக்கக் குடிக்கத்தான் ஊறும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேட்கும்போது எளிதாக இருந்தது. குழந்தை முகம் சிவந்து கத்தும்போது அந்த வார்த்தை எங்கே போகிறதோ தெரியாது. சுறாப்புட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வீட்டில் இருந்த நேரம். மீன் கூடை இல்லை, சும்மாட்டுத் துணி இல்லை. அக்கா தலைக்கு எண்ணெய் வைத்து, கட்டம் போட்ட பட்டுப்புடவை உடுத்தி, பூ வைத்திருந்தாள். ஒரு கையில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்த பை. இன்னொரு கையில் எவர்சில்வர் தூக்கு. தாய் வீட்டிலிருந்து வருகிறவர்கள் எப்படி வருவார்களோ அப்படி வந்தாள். குழந்தையைப் பார்த்து, நெற்றியை வழித்து விரலை நெரித்தாள். "அப்பன் மூக்கு. போவட்டும், வளர வளர மாறிடும்," என்றாள்.

தூக்கை என் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். பூண்டும் மிளகும் வெந்த சுறாவும். எனக்கு வாயில் அல்ல, கண்ணில்தான் முதலில் தண்ணீர் வந்தது.

"விடிய எழுந்து ஆக்கினேன். எங்க ஊர் அம்மனுக்கு வேண்டிக்கினு ஆக்கினேன். தின்னுட்டுக் கொழந்தையை எடு," என்றாள்.

கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்த என் வீட்டுக்காரர், "அத்தை, எம்மாம் பெருசு இருந்துச்சு?" என்று கேட்டார்.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "அதையேன் கேக்குற மாப்ள. ரெண்டு ஆம்பளைங்க சேந்துதான் தூக்கினாங்க. இந்த வருசத்துல அம்மாம் பெரிய சுறா எங்க கரைக்கு வரல. எல்லாம் கேட்டாங்க. அண்ணன் மவன் நடுத்துண்டை எனக்குன்னு அறுத்து வச்சுட்டுத்தான் மிச்சத்தை எறக்கினான்."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று டாக்டரம்மாவிடம் அவர் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார். கரைக்குத் தூரமாகப் பிடித்த சுறா என்றால் பரவாயில்லையா என்று. தூரத்தில் ஒன்றும் இல்லை, மீன் எவ்வளவு பெரிசு, எத்தனை வருஷம் வாழ்ந்தது என்பதுதான் விஷயம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சின்ன மீன் பாதரசத்தைக் கொஞ்சம் தின்கிறது. அந்தச் சின்ன மீனை நூற்றுக்கணக்கில் அடுத்த மீன் தின்கிறது. கடைசியில் எல்லாம் சுறாவிடம் போய்ச் சேருகிறது. வயசாக ஆக அது சேர்த்துக்கொண்டே போகிறது, வெளியே விடுவதில்லை.

"மீனு பெருசு ஆவ ஆவத்தான் ஜாஸ்தியாம், அத்தை. நீங்க மறந்துடுவீங்கன்னு நெனைச்சேன். அதான் இதுகிட்ட சொல்லல," என்று என்னைக் காட்டினார்.

தூக்கு திறந்தபடி இருந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது.

"கொழந்த பாலுக்கு அழுவுது," என்றாள் அக்கா மெல்ல. "பாலுக்குக் குடுக்குறதைப் போயி வெசம்ங்குற. நான் பெத்ததுங்க எல்லாம் இதைத் தின்ன பாலைக் குடிச்சுதான் நிக்கிதுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "சுனாமி வந்தப்போ ஊரே சொல்லுச்சு. இந்த வூடுதான் சொல்லல."

நான் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தேன். அவள் கொடுக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவையின் மடிப்பு முதுகில் விறைத்துக்கொண்டு நின்றது. நான் தூக்கைப் பார்த்தேன். ஒரு கவளம், ஒரே ஒரு கவளம் என்று மனசு சொன்னது. மடியில் குழந்தை, வாயைத் திறந்து மார்பைத் தேடிக்கொண்டிருந்தது. நான் கையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அது ஒனக்கில்ல மாப்ள."

"தெரியும் அத்தை. அதுக்குன்னு தெருவுல கொட்டச் சொல்றீங்களா? பெரியவங்க என்னைக்காவது தின்னா ஒன்னும் இல்லன்னு டாக்டரம்மாவே சொல்லிச்சு. எனக்குப் பசிக்குது."

தின்ன ஆரம்பித்தார். எனக்கு எதிரில், என்னுடைய சுறாப்புட்டை. அந்த மனுஷர் சாதாரணமாகச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லமாட்டார். நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எப்படி இருக்குதுங்க?"

"பூண்டு நெறைய போட்டிருக்கு."

"அது எனக்கே தெரியுது. மூக்கு இருக்குல்ல. வேற?"

யோசித்தார். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். "மெத்துன்னு இருக்கு. துருவின தேங்கா மாதிரி. கடைசியில மொளகு மெதுவா ஏறுது. வெங்காயம் கொஞ்சம் செவந்து, இனிப்பா வருது."

"அடியில பிடிச்சிருக்கா? அம்மா செய்யறப்போ கொஞ்சம் அடியில பிடிக்கும். அதுதான் நல்லா இருக்கும்."

விரலால் துழாவினார். "இருக்கு. இந்தா, இது. கொஞ்சம் மொறுமொறுன்னு."

அவர் மென்றார். நான் விழுங்கினேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சொன்னாள்:

"போதும் மாப்ள, நிறுத்திக்கோ. ராவுல ஒனக்குப் பால் ஊறிக்கினா பட்டறைக்கு எப்படிப் போவ?"

அவருக்குப் புரையேறியது. நான் சிரித்த சிரிப்பில் பிரசவத் தையல் இழுத்து வலித்தது. அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது எந்தத் தண்ணீர் என்று நான் பார்க்கவில்லை.

அவர் கை கழுவப் போனதும், அக்கா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் எத்தினி சுறா வயித்தைக் கிழிச்சிருப்பேன்," என்றாள். இப்போது அவள் குரல் தனக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. "உள்ள காலா, சங்கரா, கணவா, எல்லாம் முழுசு முழுசாக் கெடக்கும். அந்த மீனுங்க வயித்துல அதுக்கும் சின்னது. ஒன்னுக்குள்ள ஒன்னு. அப்போ எல்லாம் சேந்து சேந்துதான் வருமா?"

"அப்படித்தான் சொன்னாங்களாம் அக்கா."

வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினாள். "என் மருமவளுக்கு ஆறாம் மாசம். வாரத்துக்கு ரெண்டு தரம் சுறாதான் குடுக்குறேன், ஒடம்புக்கு வலுன்னு. அவளுக்கும் வேணாமா?"

டாக்டரம்மா சொன்னதை நான் முதலிலிருந்து சொன்னேன். எந்த மீன் கூடாது, எது பரவாயில்லை, எத்தனை நாள். பாதி வழியில் நிறுத்தி, கிழங்கான் பற்றி இன்னொரு தரம் சொல் என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டுக் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு, குழந்தையின் பாதத்தை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் கூடையோடு வந்தாள். விற்று முடித்திருந்தாள், கிழங்கான் மட்டும் இருந்தது. என்னைக் கேட்கவில்லை. நேராகக் கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் மீனைக் கழுவி, என் அடுப்பிலேயே வேகவைத்து, ஒரு முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுறாவில் நடுமுள்ளை உருவிவிட்டால் ஆயிற்று. கிழங்கான் விரல் நீளம், மெல்லிய உடம்பு, அதற்குள் முடி மாதிரி முள். மீன் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. ஒவ்வொரு மீனாகப் பிளந்து, முள்ளை எடுத்து, சதையை உதிர்த்தாள். எடுத்த முள் ஒரு பக்கம், எடுக்க வேண்டியது ஒரு பக்கம். வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே, "எந்தப் படுபாவி இதைப் புட்டு பண்ணச் சொன்னான்," என்று மீனிடமே கேட்டுக்கொண்டாள். "நான்தான் அக்கா," என்றேன் உள்ளேயிருந்து. "நீ வாய மூடிக்கினு கொழந்தைக்குக் குடு," என்றாள்.

சுடச்சுடத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டேன். சுறாப்புட்டு அல்ல அது. சுறாவின் அந்த இழை, பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நிற்கிற அந்தப் பிடி அதில் இல்லை. குழைந்து, மாவு மாதிரி இருந்தது. நன்றாக இருந்தது. முழுத் தட்டையும் வழித்துச் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட அந்தச் சுறாவை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு முள் நாக்கில் தட்டுப்பட்டது. அதை அவளுக்குத் தெரியாமல் எடுத்துத் தட்டுக்கு அடியில் வைத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் முள் எடுக்க இன்னும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் பால் இறங்கியது. குழந்தையை விடாமல் வைத்துக்கொண்டதாலும் இருக்கும். நர்ஸம்மா சொன்னதும் அதுதான். அக்கா தெரு முழுக்கக் கிழங்கான்தான் என்று சொல்லிக்கொண்டு போனாள். நான் மறுக்கவில்லை.

அவள் சுறா விற்பதை நிறுத்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். எப்படி நிறுத்துவாள். கடல் கொடுப்பதைத்தான் அவள் விற்க முடியும். வயசானவர்களும் ஆம்பிளைகளும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வயிற்றோடு நிற்கிறவளும் கைக்குழந்தைக்காரியும் கூடைக்குப் பக்கத்தில் வந்தால், அக்கா கை தானாகச் சாக்குத் துணியை இழுத்துச் சுறாத் துண்டை மூடும். வேறு யாருக்காவது சொல்லிவைத்தது என்பாள். விஷயத்தை எடுத்துச் சொல்லி ஒருத்தியோடும் வம்புக்குப் போகமாட்டாள். மீன் விற்கிறவள் வாயால் அந்த வார்த்தை வந்தால், தெருவில் மறுபடியும் கத்தரிக்காய்தான் என்று அவளுக்குத் தெரியும். மருமகளுக்கு என்ன சொல்லிச் சமாளித்தாளோ, ஒருநாளும் சொன்னதில்லை. பேரன் பிறந்து, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து காட்டியபோது மட்டும், "இவனுங்கூட கெழங்கான்தான்," என்றாள்.

என் பெண் பாலை லேசில் விடவில்லை. நடக்க ஆரம்பித்து, பேச ஆரம்பித்து, என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒருநாள் நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டோடு வாசலுக்கு வந்தேன். கூடையில் சாக்குத் துணி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், நுனி கூர்மை.

"அக்கா, அது இன்னா?"

"எது?"

"அந்த வாலு."

"அதா. அது கோடி வூட்டு பேங்குக்காரருக்கு."

"அவங்க ஊருக்குப் போயி ஒரு வாரம் ஆவுதே."

"வருவாங்க," என்றாள்.

நான் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெண் என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அவள் கையை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாக்கை ஈரமாக நனைத்து வாலின்மேல் நன்றாக இழுத்துச் செருகினாள். பிறகு நான் கேட்காமலேயே என் தட்டில் இரண்டு கை கிழங்கானை அள்ளிப் போட்டாள்.

அன்றைக்கும் எங்கள் வீட்டில் கிழங்கான் குழம்புதான்.